இரும்புச் சத்தும் சுண்ணாம்புச் சத்தும் ஒரே வேளையில் ஆகுமா?
சத்து மாத்திரைகளைச் சேர்த்து உண்ணும் முறை பற்றிய பாடம்

நம் அங்கத்தினர் இல்லங்களில், தறிக்குழிக்கு மேலேயுள்ள மாடத்திலோ, நெல் மூட்டைகளை அடுக்கியிருக்கும் அறையின் பலகையிலோ, ஒரு டப்பா இருப்பதைப் பெரும்பாலோர் கண்டிருப்பர். ஆரம்ப சுகாதார நிலையத்தில் தந்த சிவப்பு மாத்திரை அட்டை, வெள்ளை நிறச் சுண்ணாம்புச் சத்து மாத்திரை, காஞ்சிபுரம் சென்ற போது டாக்டர் எழுதித் தந்த வைட்டமின் டி பொட்டலம், கால் மரத்துப் போகிறதென்று கடையில் கேட்டு வாங்கிய நரம்பு மாத்திரை, சித்த வைத்தியரிடம் பெற்ற செந்தூரம், உறவினர் ஒருவர் வெளியூரிலிருந்து கொணர்ந்த மீன் எண்ணெய் மாத்திரை ஆகிய யாவும் அதனுள் கலந்து கிடக்கும். ஒவ்வொன்றும் தனித்தனியே நோக்கின் நல்ல பொருளே. ஆயின் நல்ல பொருள்கள் பலவற்றை ஒருங்கே உட்கொண்டால் பயனும் பல மடங்காகும் என்று எண்ணுவது பிழை. சில ஒன்றையொன்று தடுக்கும். சில ஒன்றின் மேல் ஒன்றாகக் குவிந்து நஞ்சாகும். 2025ஆம் ஆண்டு பிப்ரவரியில் முதல்வர் மருந்தகங்கள் தொடங்கப்பட்டபோது அவற்றுள் ஒரு பகுதி கூட்டுறவுச் சங்கங்கள் வாயிலாகவே நடத்தப்பட்டன. மருந்து விலை குறைவது நன்மையே. விலை குறைந்தமையால் வேண்டாததையும் வாங்கும் நிலை நம்மவருக்கு நேரலாகாது என்பதனால் இப்பாடத்தை எடுத்துக்கொண்டோம்.

மருந்தை அளவறிந்து வைப்பது நம் வட்டாரத்திற்குப் புதிதன்று. உத்திரமேரூர் என்றவுடன் பராந்தக சோழன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டுகளை யாவரும் நினைப்பர். இங்கிருந்து சற்றே வடக்கில், பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் திருமுக்கூடலின் பெருமாள் கோயிலில் 11ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த வீரராசேந்திர சோழன் கல்வெட்டு ஒன்று உண்டு. 15 படுக்கைகள் கொண்ட ஆதுலர் சாலை ஒன்று அவ்விடத்தில் இயங்கிய செய்தியை அது கூறுகிறது. வைத்தியர், அறுவை செய்வோர், மூலிகை கொணர்வோர், பணிப்பெண்டிர் ஆகியோருக்குரிய வழிவகையோடு, அங்கே இருப்பில் வைக்க வேண்டிய மருந்துகளின் பெயர்களும் கல்லில் வெட்டப்பட்டுள்ளன. அவற்றுள் ஒன்றை மண்டூர வடகம் என்று ஆய்வாளர் கொள்வர். மண்டூரம் என்பது இரும்புக் கிட்டம். சோகை நோய்க்கு இரும்பைக் கொடுக்கும் வழக்கம் நம் ஆற்றங்கரையில் ஆயிரம் ஆண்டுப் பழமையுடையது போலும்!

அச்சோகை இன்னும் நம்மை விட்டு அகலவில்லை. 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 53 பேருக்குச் சோகை உண்டு. இதனை நீக்கும் பொருட்டு 1970 முதலே இந்தியாவில் இரும்பு–ஃபோலிக் அமில மாத்திரை அரசாங்கத்தால் வழங்கப்பட்டு வருகிறது. 2018இல் தொடங்கிய திட்டத்தின்படி, கருவுற்ற பெண் நான்காம் மாதம் முதல் நாளொன்றுக்கு ஒரு சிவப்பு மாத்திரை வீதம் 180 நாள் உண்ண வேண்டும். அதில் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் உள்ளன. குழந்தை பிறந்த பின்னரும் 180 நாள் தொடர வேண்டும். இதனோடு 500 மில்லிகிராம் சுண்ணாம்புச் சத்தும் சிறிது வைட்டமின் டியும் சேர்ந்த மாத்திரை நாளைக்கு இரண்டு. ஆகக் கருவுற்றவள் கையில் நாள்தோறும் மூன்று மாத்திரைகள் வந்து சேருகின்றன.

இனி ஒரு நெசவாளர் குடும்பத்தைக் கற்பனையாக எடுத்துக்கொள்வோம். மருமகள் ஆறு மாதக் கர்ப்பிணி. அவள் மூன்று மாத்திரைகளையும் மறவாதிருக்க வேண்டி, விடியற்காலையில் பாவு ஓட்டப் போகுமுன் ஒரே கையில் எடுத்து, ஒரு டம்ளர் தேநீரோடு விழுங்கி விடுகிறாள். இரண்டு மாதம் கழித்து இரத்தம் சோதித்தபோது அளவு 9லேயே நிற்கிறது. “நர்சம்மா, ஒரு நாள்கூடத் தவறாமல் சாப்பிட்டேனே!” என்று அவள் கண் கலங்குகிறாள். பக்கத்தில் நிற்கும் மாமியார், “அரசாங்க மாத்திரைக்குச் சக்தி இல்லை, கடையில் வாங்குவோம் அம்மா” என்கிறார். மருமகள் பொய் கூறவில்லை, மாத்திரையிலும் குறையில்லை. உண்ட முறையிலேதான் பிழை.

அவள் செய்த பிழைகள் இரண்டு. இரும்பு குடலின் சுவர் வழியே இரத்தத்தை அடைய வேண்டும். அவ்வேளையில் சுண்ணாம்புச் சத்து மிகுதியாக உடனிருப்பின், அது இரும்பு உட்புகுவதைத் தடுக்கிறது. தேநீரிலுள்ள துவர்ப்புப் பொருளோ இரும்பைப் பற்றிக்கொண்டு கரையாத பொருளாக்கி விடுகிறது. காப்பியும் ஏறத்தாழ அவ்வாறே. ஆகவே அவள் உண்ட 60 மில்லிகிராமில் பெரும்பகுதி பயனின்றி வெளியேறியது. நெசவாளர் வீட்டில் தேநீரை விடச் சொல்வது நடவாத காரியம் என்பதை யாம் அறிவோம். விட வேண்டுவதில்லை; இரும்பு மாத்திரைக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரமேனும் தள்ளி வைத்தால் போதும். சுண்ணாம்பு மாத்திரைக்கும் இரும்பு மாத்திரைக்கும் இடையே இரண்டு மணி நேரத்துக்குக் குறையாத இடைவெளி வேண்டும்.

சுண்ணாம்புச் சத்து மாத்திரைகளுள் பெரும்பாலானவை கார்பனேட் வகையைச் சேர்ந்தவை. அவை கரைவதற்கு வயிற்றின் அமிலம் வேண்டும். ஆதலின் உணவோடு உண்பது நன்று. இரும்போ வெறும் வயிற்றில்தான் நன்கு ஏறும். உடல் ஒரு வேளைக்கு 500 மில்லிகிராம் அளவு சுண்ணாம்பையே நன்கு ஏற்கும். இரண்டு மாத்திரையைச் சேர்த்து உண்பதாலும் பயன் குறையும். இவற்றைக் கொண்டு அம்மருமகளுக்கு ஒரு முறை வகுக்கலாம். காலை 8 மணிக்குச் சிற்றுண்டி முடிந்ததும் சுண்ணாம்பு மாத்திரை ஒன்று. 11 மணிக்குத் தறியை நிறுத்தி எல்லாரும் தேநீர் அருந்தும் வேளையில் அவள் மட்டும் எலுமிச்சைச் சாறு கலந்த நீரோடு இரும்பு மாத்திரையை உண்ணட்டும். எலுமிச்சை, நெல்லி, கொய்யா ஆகியவற்றின் புளிப்பும் வைட்டமின் சியும் இரும்பு ஏறுவதற்குத் துணை செய்யும். இதற்கென வைட்டமின் சி மாத்திரை தனியே வாங்குவது வீண் செலவு. இரவு உணவுக்குப் பின் இரண்டாவது சுண்ணாம்பு மாத்திரை. மாலைத் தேநீர் வழக்கம் போல். குமட்டல் மிகுந்தால் இரும்பை உணவுக்குப் பின் உண்ணலாம். சற்றுக் குறைவாக ஏறினும், அறவே நிறுத்துவதினும் அது மேல். அவ்வாறு செய்யின் அவ்வேளைச் சுண்ணாம்பை மாற்றிக்கொள்ள வேண்டும். மலம் கறுத்துப் போவது கண்டு அஞ்ச வேண்டா. அது இரும்பின் நிறமே.

ஒரு நாள் மறந்தவர் மறுநாள் இரண்டாக விழுங்குவதுண்டு. இதனால் ஆதாயம் இல்லை. இரும்பை உண்டவுடன் கல்லீரல் ஹெப்சிடின் என்னும் பொருளைச் சுரந்து, ஏறத்தாழ ஒரு நாள் வரை குடலின் வாயிலைக் குறுக்கி வைக்கிறது. மிகுதியாக உண்டது வயிற்றை வருத்துவதற்கே பயன்படும். சோகை கண்டவருக்கு நாளைக்கு இரண்டு எனச் செவிலியரே சொல்வதும் உண்டு. அது இரத்தத்தைச் சோதித்து அளந்து சொன்னது. நாமே கூட்டிக்கொள்வது அவ்வாறன்று.

இவ்விடத்தில் மாமியாரின் யோசனைக்கு வருவோம். கடையில் விற்கும் இரும்பு மாத்திரைகள் பலவற்றில் 100 மில்லிகிராம் இரும்பு உண்டு. அரசு மாத்திரையோடு அதனையும் சேர்த்தால் 160. மகப்பேறு நிதியுதவித் திட்டத்தின் ஊட்டச்சத்துப் பெட்டகத்தில் வரும் இரும்பு டானிக்கும் உண்டு. சித்த வைத்தியத்தில் சோகைக்குத் தரும் அன்னபேதி செந்தூரமும் இரும்பு மருந்தே. பெயர் வேறு, நிறம் வேறு, தந்தவர் வேறு. உள்ளே போவது ஒன்றுதான். ஒரே கடன் இரு பேரேடுகளில் ஏறியிருந்தால் தணிக்கையாளர் உடனே சுட்டிக் காட்டுவார். நம் உடலுக்கோ தணிக்கையாளர் இல்லை. டாக்டரும் செவிலியரும் நாம் காட்டாத அட்டையைக் காண இயலாது. ஆங்கில மருந்து தருபவரிடம் செந்தூரத்தை மறைப்பதும், சித்த மருத்துவரிடம் மாத்திரையை மறைப்பதும் நம்மூரில் ஒரு மரியாதை போல ஆகிவிட்டது. இம்மரியாதையை இன்றோடு விட்டொழிப்பது நலம்.

அட்டையிலுள்ள எழுத்தைப் படிப்பதற்கும் ஒரு முறை உண்டு. பட்டு நெசவு செய்வோருக்கு இது எளிதில் விளங்கும். ஜரிகையை நிறுத்துப் பார்த்தால் காணும் எடை முழுவதும் வெள்ளியன்று. உள்ளே பட்டு நூல் உண்டு, செம்பு உண்டு, மேலே தங்கப் பூச்சும் உண்டு. வெள்ளி எவ்வளவு என்பதைத் தனியே கேட்டறிய வேண்டும். அது போலவே ஃபெரஸ் சல்ஃபேட் 200 மில்லிகிராம் என்றிருப்பின் அதிலுள்ள தனி இரும்பு ஏறத்தாழ 65 மில்லிகிராமே. கால்சியம் கார்பனேட் 1250 மில்லிகிராமில் தனிச் சுண்ணாம்புச் சத்து 500. அட்டையில் ‘எலிமென்டல்’ என்ற சொல்லோடு வரும் எண்ணே கணக்கிற்குரியது. பெரிய எண் போட்ட மாத்திரை வலிமை மிக்கது என்று எண்ணி ஏமாறலாகாது.

அடுத்து, மிகையாவது எவ்வாறு தீங்காகும் என்பது. உத்திரமேரூர் ஏரி நிரம்பினால் கலங்கல் வழியே மிகுநீர் வெளியேறும், கரை தப்பும். நம் உடலில் வைட்டமின் சிக்கும் பி வகையில் பலவற்றுக்கும் அத்தகைய கலங்கல் உண்டு. மிகுந்தது பெரும்பாலும் சிறுநீரில் போய்விடும். இரும்புக்குக் கலங்கல் இல்லை. கொழுப்பில் கரையும் ஏ, டி வைட்டமின்களும் கல்லீரலிலும் கொழுப்பிலும் தங்கிவிடும். ஆகவே இம்மூன்றிலும்தான் கரை உடைவது.

வைட்டமின் டி பற்றிச் சற்று விரிவாகவே கூற வேண்டும். ஏனெனில் நாம் மிக அஞ்சும் பிழை இதில்தான் நிகழ்கிறது. நாள் முழுதும் தறிக்குழியில் அமர்ந்திருப்பவர் வெயில் காண்பது அரிது. எலும்பு வலி என்று செல்லும் அவருக்கு டாக்டர் 60,000 யூனிட் கொண்ட பொட்டலமோ மாத்திரையோ எழுதித் தருகிறார். அது வாரத்துக்கு ஒன்று, பெரும்பாலும் எட்டு வாரத்துக்கு. சீட்டிலுள்ளதைச் சரியாகக் கேளாமல், மற்ற மாத்திரைகளைப் போல் நாள்தோறும் ஒன்றாக உண்டவர்கள் உண்டு. மருத்துவர் மேற்பார்வையின்றிப் பெரியவர் ஒருவர் நாள்தோறும் கொள்ளத்தக்க மேல் வரம்பு 4,000 யூனிட். 60,000 என்பது அதனினும் 15 மடங்கு! இரத்தத்தில் சுண்ணாம்பு ஏறி, பசியின்மை, வாந்தி, மலச்சிக்கல், தீராத் தாகம், அடிக்கடி சிறுநீர், மனக்குழப்பம் எனத் தொடங்கிச் சிறுநீரகம் பழுதாகும் வரை செல்லும். மாத்திரையை நிறுத்திய பின்னும் அது உடலிலிருந்து நீங்கப் பல வாரங்கள், சில வேளைகளில் மாதங்கள் ஆகும். இதனோடு சுண்ணாம்பு மாத்திரையும், இரத்த அழுத்தத்துக்கெனத் தரும் ஹைட்ரோகுளோரோதயசைடு, குளோர்தாலிடோன் போன்ற நீர் மாத்திரையும் சேருமாயின் ஆபத்து இன்னும் விரைந்து வரும். அந்நீர் மாத்திரைகள் சுண்ணாம்பு சிறுநீரில் வெளியேறுவதைக் குறைப்பவை. பொட்டலத்தின் மேல் ‘ஞாயிறு மட்டும்’ என்று மையால் எழுதி வைப்பது ஒரு காசும் செலவில்லாத காப்பு.

வைட்டமின் ஏ கருவுற்றவருக்குக் குறிப்பாகக் கவனிக்க வேண்டியது. நாளைக்கு 10,000 யூனிட்டுக்கு மேல் மாத்திரையாக உண்டால் கருவிலுள்ள குழந்தையின் உறுப்பமைப்புக் கெடக்கூடும். மீன் ஈரல் எண்ணெயில் ஏ, டி இரண்டும் உண்டு. சத்து மாத்திரையிலும் உண்டு. இரண்டையும் கூட்டிப் பார்க்க வேண்டும். முருங்கைக் கீரை, பப்பாளி, கேரட் ஆகியவற்றின் நிறச்சத்து உடலில் வேண்டிய அளவே ஏ ஆக மாறுமாதலால் கீரைக்கு இவ்வச்சம் இல்லை. குழந்தைகளுக்கு 9 மாதம் முதல் 5 வயது வரை ஆறு மாதத்துக்கொரு முறை செவிலியர் தரும் வைட்டமின் ஏ கரைசலே போதுமான அளவுடையது; அதற்கு மேல் வீட்டிலும் தர வேண்டா.

நரம்பு மாத்திரை என்று கேட்டு வாங்குவோர் நம்முள் மிகப் பலர். தறியில் கால் தொங்கவிட்டு இருப்பதனால் மரத்துப் போவதும், சர்க்கரை நோயால் மரத்துப் போவதும், பி12 குறைவால் மரத்துப் போவதும் வேறு வேறு. அம்மாத்திரைகளில் பி6 பெரும் அளவில் இருப்பதுண்டு. இதனை நாள்தோறும் பெரும் அளவில் மாதக் கணக்காக உண்டால், அதுவே கைகால் மரத்துப் போகும் நோயை உண்டாக்கும். மரத்துப் போகிறதென்று மாத்திரை, மாத்திரையால் மேலும் மரப்பு, அதற்கு இன்னொரு மாத்திரை! கடைக்காரருக்கு இலாபம்.

பி12 பற்றி இன்னொன்று. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் மூலம் சர்க்கரை நோய்க்குரிய மெட்ஃபார்மின் மாத்திரை வீட்டு வாயிலுக்கே வந்தது. அம்மாத்திரையைப் பல ஆண்டுகள் உண்போருக்கும், புலால் உண்ணாதோருக்கும் பி12 குறைவது உண்டு. அவர்கள் இரத்தம் குறைகிறதென்று 5 மில்லிகிராம் ஃபோலிக் அமில மாத்திரையை மட்டும் வாங்கி உண்டால், இரத்த அளவு தேறினாற் போல் தோன்றும். உள்ளே நரம்பு அழிவது நில்லாது. கர்ப்பிணிக்குத் தரும் 500 மைக்ரோகிராம் அளவு பற்றி இவ்வச்சம் கொள்ளற்க. பெரிய அளவு ஃபோலிக் அமிலத்தைத் தொடர்ந்து உண்போர் பி12ஐச் சோதித்துக் கொள்ள வேண்டும் என்பதே கருத்து. மெட்ஃபார்மினை எவரும் தாமே நிறுத்தலாகாது.

துத்தநாகச் சத்தை 2020 கொரோனாக் காலத்தில் பலர் வாங்கி உண்டனர். சிலர் இன்னும் விடவில்லை. நாளைக்கு 40 மில்லிகிராமுக்கு மேல் நெடுநாள் உண்டால் உடலில் செம்புச் சத்துக் குறைந்து, அதனாலேயே சோகையும் மரப்பும் வரக்கூடும். குழந்தைக்கு வயிற்றுப்போக்கின்போது உப்பு–சர்க்கரைக் கரைசலோடு 14 நாள் தரும் துத்தநாக மாத்திரை உயிர்காப்பது. அதனை 14 நாளும் தவறாது தந்து, பின் நிறுத்த வேண்டும்.

வேறு மருந்துகளோடு இச்சத்துகள் மோதுவதையும் அறிய வேண்டும். தைராய்டு மாத்திரையை விடியலில் வெறும் வயிற்றில் உண்போர், இரும்பையும் சுண்ணாம்பையும் நான்கு மணி நேரம் தள்ளியே உண்ண வேண்டும். வயலில் இறங்கி வேலை செய்வோருக்கு எலிக்காய்ச்சலும் உண்ணிக் காய்ச்சலும் வருவதுண்டு. அவற்றுக்குத் தரும் டாக்சிசைக்ளின் மருந்தை இரும்பும் சுண்ணாம்பும் பற்றிக்கொண்டு பயனற்றதாக்கி விடும். காய்ச்சல் தணியும் வரை சத்து மாத்திரையை நிறுத்தலாமா, எத்துணை மணி இடைவெளி விடலாம் என்பதை டாக்டரிடம் கேட்டு நடப்பது நன்று. காய்ச்சலில் மருந்து ஏறாமற் போவது, சோகை மாத்திரை சில நாள் நிற்பதினும் கொடிது. இரத்தம் உறையாதிருக்க வார்ஃபரின் உண்போர் வைட்டமின் மாத்திரை எதனையும் தாமாகத் தொடங்கலாகாது. இரத்த அழுத்தத்துக்கும் சிறுநீரகத்துக்கும் மருந்து உண்போர், சோடியம் குறைந்த உப்பு என விற்பதை வாங்குமுன் கேட்டறிக. அதில் பொட்டாசியம் உண்டு.

ஆண்களுக்கு ஒரு சொல். களைப்பாயிருக்கிறதென்று மனைவியின் சிவப்பு மாத்திரையை எடுத்து உண்ணும் வழக்கம் சிலரிடம் உண்டு. ஆணுக்கு மாதந்தோறும் இரத்த இழப்பில்லை. அவருக்கு உண்மையாகவே இரத்தம் குறைந்திருப்பின் வயிற்றுப் புண், மூலம், கொக்கிப்புழு போன்ற ஏதோ ஓரிடத்தில் கசிவு இருக்கலாம். அதனைக் கண்டறியாமல் இரும்பை ஊற்றுவது, மதகு உடைந்திருக்க ஏரிக்கு நீர் இறைப்பதாகும்.

இறுதியாகக் கூறினும் முதன்மையானது குழந்தைகளைப் பற்றியது. இரும்பு மாத்திரை சிவப்பாகவும் பளபளப்பாகவும் இருத்தலின் சிறுகுழந்தைக்கு மிட்டாய் போலத் தோன்றும். தாய்க்கு உயிர் தரும் அம்மாத்திரை, ஒரு அட்டையாகக் குழந்தையின் வயிற்றில் சென்றால் உயிரைப் போக்கும். தொடக்கத்தில் வாந்தியும் வயிற்றுப்போக்கும், சில வேளை இரத்தமும் காணும். பின்னர் சில மணி நேரம் குழந்தை தேறினாற் போல் விளையாடும். அதனை நம்பி வீட்டிலிருந்தவர்கள் பிள்ளையை இழந்திருக்கிறார்கள். அதற்குப் பின்னரே ஈரலும் இதயமும் தளரும். எத்துணை விழுங்கிற்று என்பது தெரியாவிடினும், அக்கணமே 108க்குச் சொல்லி, அட்டையையும் கையிலெடுத்துக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்குச் செல்ல வேண்டும். உப்பு நீர் கொடுத்து வாந்தி எடுக்க வைத்தல் கூடாது. மாடத்து டப்பாவை இன்றே பூட்டுள்ள பெட்டிக்கு மாற்றுக.

குழுவில் பேசுவதற்கு: அடுத்த மாதக் கூட்டத்திற்கு வரும் அங்கத்தினர் தத்தம் வீட்டிலுள்ள மாத்திரை, டானிக், செந்தூரம் அனைத்தையும் ஒரு பையில் இட்டுக் கொணர்க, முடிந்தால் கிராம சுகாதாரச் செவிலியரையும் மருந்தாளுநரையும் அழைக்க ஏற்பாடு செய்வோம். ஒரு தாளில் இடப்பக்கம் பெயர்களையும், நடுவில் தனி இரும்பு, தனிச் சுண்ணாம்பு, வைட்டமின் டி ஆகியவற்றின் அளவையும், வலப்பக்கம் எவர் சொல்லி, எதற்காக, எந்நாள் வரை என்பதையும் எழுதுக. வலப்பக்கம் வெறுமையாக நிற்கும் மாத்திரைகளை வேறாக எடுத்து வைத்து, அவற்றிலிருந்தே பேச்சைத் தொடங்கலாம்.